உங்களுக்குத் தெரியுமா? – வேலையை விட்டவர்கள் கட்டிய ஊர்கள்

சில்லு என்றால் சிலிக்கான் பள்ளத்தாக்கு, சினிமா என்றால் ஹாலிவுட், வயலின் என்றால் கிரிமோனா. உலகம் இவ்வளவு பெரிதாக இருக்க, ஒரு தொழில் மட்டும் ஏன் ஓர் ஊரில் போய் ஒட்டிக்கொள்கிறது? வெயில், தண்ணீர், துறைமுகம் என்று காரணம் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். மீதிப் பாதியில் முதலாளியோடு மோதியவர்கள், அம்மா ஊருக்குத் திரும்பியவர்கள், நாடு விட்டு நாடு ஓடியவர்கள் எல்லாரும் வருகிறார்கள்.

பழத்தோட்டத்துக்கு வந்த பெயர்

கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கு 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி முழுக்க ஆப்ரிகாட், பிளம், செர்ரித் தோட்டங்களுக்குப் பெயர்போனது. பழத்தைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் ஆலைகளில்தான் ஊர்மக்களில் பலருக்கு வேலை. ‘சிலிக்கான் பள்ளத்தாக்கு’ என்ற பெயரை அச்சில் பரப்பியவர் டான் ஹோஃப்ளர் என்ற பத்திரிகையாளர். 1971 ஜனவரியில் ‘எலக்ட்ரானிக் நியூஸ்’ இதழில் வந்த தொடர்கட்டுரைக்கு அதைத் தலைப்பாக வைத்தார். பெயரை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் ரால்ஃப் வேர்ஸ்ட் என்ற தொழிலதிபர்.

சிலிக்கான் வந்த வழி

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் வில்லியம் ஷாக்லி. பெல் ஆய்வகம் இருந்த கிழக்குக் கரையை விட்டுவிட்டு, 1956-இல் கலிபோர்னியாவின் மவுன்டன் வியூவில், சிலிக்கானில் டிரான்சிஸ்டர் செய்யத் தன் நிறுவனத்தைத் திறந்தார். அவர் வளர்ந்த பாலோ ஆல்ட்டோ அதற்குப் பக்கத்து ஊர். தாயார் அங்கேதான் வசித்தார். பெல் ஆய்வகத்துப் பழைய சகாக்கள் உடன்வர மறுத்துவிட்டார்கள். எனவே நாடு முழுக்கத் தேடி இளம் விஞ்ஞானிகளைப் பொறுக்கியெடுத்துக் கூட்டிவந்தார். அந்தப் பள்ளத்தாக்குக்குள் சிலிக்கான் நுழைந்தது இப்படித்தான்.

நோபல் வாங்கிய முதலாளி

அதே 1956-இல் ஷாக்லிக்கு இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர். ஆளை வைத்து வேலை வாங்கத் தெரியாதவர். ஊழியர்கள் மீது சந்தேகம் வந்து பொய் கண்டறியும் கருவிச் சோதனைக்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது. 1957 செப்டம்பரில் எட்டுப் பேர் சேர்ந்தாற்போல் ராஜினாமா செய்தார்கள். ‘எட்டுத் துரோகிகள்’ என்ற பட்டம் அவர்கள்மேல் நிலைத்துவிட்டது. ஷாக்லியின் நிறுவனமோ லாபத்தின் முகத்தையே பார்க்கவில்லை. 1960-இல் கைமாறியது, 1968-இல் கதவை மூடியது.

டாலர் நோட்டில் ஒப்பந்தம்

வெளியேறிய எட்டுப் பேருக்கும் சொந்தத் தொழில் தொடங்கும் யோசனை முதலில் கிடையாது. எட்டுப் பேரையும் மொத்தமாக வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு கம்பெனி கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். அவர்களில் ஒருவரான யூஜின் கிளெய்னர், தன் தந்தைக்குப் பழக்கமான நியூயார்க் பங்குத் தரகு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அது ஆர்தர் ராக் என்ற இளைஞர் கைக்குப் போனது. வேலை தேடுவதை விட்டுவிட்டுக் கம்பெனியே தொடங்கலாம் என்று யோசனை சொன்னவர் ராக்தான். முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கையை விரித்தன. கடைசியில் தொழிலதிபர் ஷெர்மன் ஃபேர்சைல்டு ஏறத்தாழ 13.8 லட்சம் டாலர் தர முன்வந்தார். ஆரம்பப் பேச்சின்போது முறையான பத்திரம் எதுவும் கையில் இல்லை. புத்தம்புது ஒரு டாலர் நோட்டுகளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வேர், நூறு கிளை

எட்டுப் பேரும் அப்படித் தொடங்கிய ஃபேர்சைல்டு செமிகண்டக்டரின் முதல் வியாபாரம் ஐபிஎம்முக்கு விற்ற 100 டிரான்சிஸ்டர்கள். ஒன்றின் விலை 150 டாலர். அங்கே வேலை பழகியவர்கள் தாங்களும் வெளியேறித் தனிக் கடை போட்டார்கள். எட்டுப் பேரில் இருவரான ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-இல் இன்டெல்லைத் தொடங்கினார்கள். ஃபேர்சைல்டின் விற்பனைப் பிரிவில் இருந்த ஜெர்ரி சாண்டர்ஸ் 1969-இல் ஏஎம்டியைத் தொடங்கினார். கிளெய்னர் 1972-இல் முதலீட்டு நிறுவனம் ஒன்றைக் கூட்டாக நிறுவினார். பின்னாளில் அமேசானுக்கும் கூகுளுக்கும் தொடக்கக் காலத்தில் பணம் போட்ட கிளெய்னர் பெர்கின்ஸ் அதுதான். அதே ஆண்டு இன்னொரு முன்னாள் ஃபேர்சைல்டு ஊழியர் டான் வாலன்டைன் நிறுவிய சிக்கோயா கேப்பிட்டல், ஆப்பிளுக்குப் பணம் தந்தது.

விற்கக் கூடாத நிலம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம் 8,000 ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு காணியைக்கூட விற்கக் கூடாது என்பது நிறுவனர் எழுதிவைத்த சாசனம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பணமுடை வந்தபோது, நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம் என்று முடிவானது. 1951-இல் வளாகத்தை ஒட்டித் தொழிற்பூங்கா உருவானது. இந்த ஏற்பாட்டின் பின்னால் நின்றவர் பேராசிரியர் ஃப்ரெடரிக் டெர்மன். படிப்பை முடித்த மாணவர்கள் வேலை தேடிக் கிழக்குக்கு ரயில் ஏறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் ஊக்குவித்த மாணவர்கள் இருவர் 1939-இல் ஒரு கார் கொட்டகையில் 538 டாலர் முதலோடு தொழில் தொடங்கியிருந்தார்கள். யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதைக் காசு சுண்டிப் போட்டுத் தீர்மானித்தார்கள். ஹியூலெட் முன்னால் வந்தார். பேக்கர்டு பின்னால் வந்தார். அதுதான் ஹியூலெட்-பேக்கர்டு, சுருக்கமாக ஹெச்பி.

1872-இன் சட்டம்

“இங்கிருந்து போனால் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்” என்று ஊழியரிடம் எழுதி வாங்கிக்கொள்வது அமெரிக்காவின் பல மாநிலங்களில் செல்லும். கலிபோர்னியாவில் செல்லாது. அங்கே 1872-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே அதற்குத் தடை இருக்கிறது. டிரான்சிஸ்டரும் கணினியும் யார் கனவிலும் வராத காலத்தில் எழுதிய விதி அது. வெள்ளிக்கிழமை ராஜினாமா செய்துவிட்டுத் திங்கள்கிழமை எதிர்க் கட்டடத்தில் சேர்வதற்கு அதுவே வழிவிட்டது. கம்பெனி ரகசியத்தைத் திருடிக்கொண்டு போவது குற்றம்தான். தலைக்குள் இருக்கும் அனுபவத்தை யாரும் தடுக்க முடியாது.

தோற்ற நெடுஞ்சாலை

1970-களில் பாஸ்டன் நகரைச் சுற்றியிருக்கும் 128-ஆம் எண் நெடுஞ்சாலைப் பகுதி, கணினித் தொழிலில் கலிபோர்னியாவுக்குச் சமமாக நின்றது. எம்ஐடி, ஹார்வர்டு என்று படிப்புக்கும் குறைவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட், வாங் லேபரட்டரீஸ் போன்ற பெரும் நிறுவனங்கள் அங்கே இருந்தன. பிறகு ஏன் பின்தங்கியது? அன்னலீ சாக்சேனியன் என்ற ஆய்வாளர் 1994-இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் ஒப்பிட்டார். பாஸ்டன் கம்பெனிகள் எல்லாவற்றையும் தமக்குள்ளேயே செய்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, விசுவாசத்தை எதிர்பார்த்தன. கலிபோர்னியாவில் ஆட்கள் கம்பெனி மாறினார்கள். மாலையில் போட்டிக் கம்பெனிக்காரரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். வாங் 1992-இல் திவாலானது. டிஜிட்டல் எக்விப்மென்டை 1998-இல் காம்பேக் வாங்கிவிட்டது.

வேண்டாம் என்று சொன்ன ஹெச்பி

1975 மார்ச்சில் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டின் கார் கொட்டகையில் கணினிப் பித்தர்கள் கூடினார்கள். ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர். அங்கே வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக், ஹெச்பி ஊழியர். தான் வடிவமைத்த தனிநபர் கணினியை முதலில் தன் கம்பெனியிடமே காட்டினார். திரும்பத் திரும்பக் கேட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதன் வரைபடத்தைக் கிளப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவந்தார். 1976-இல் ஆப்பிள் பிறந்தது.

மார்ஷல் சொன்ன மூன்று

ஒரு தொழில் ஓரிடத்தில் ஏன் குவிகிறது என்பதற்கு முதலில் ஒழுங்காக விளக்கம் சொன்னவர் ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர். ஆண்டு 1890. கத்தி செய்யும் ஷெஃபீல்டு போன்ற ஊர்களைக் கண்முன் வைத்து மூன்று காரணங்களைக் காட்டினார். தேர்ந்த ஆட்கள் அங்கே எளிதில் கிடைப்பார்கள். துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கும். தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகப் பரவும். இன்றைய மென்பொருள் பூங்காவுக்கும் இந்த மூன்றே போதும்.

ஐம்பது மீட்டர் கணக்கு

எம்ஐடியின் தாமஸ் ஆலன், ஆய்வகங்களில் பொறியாளர்கள் யாரோடு எத்தனை முறை வேலை விஷயம் பேசுகிறார்கள் என்று 1970-களில் அளந்து பார்த்தார். மேசைகளின் இடைவெளி கூடக் கூடப் பேச்சு சரசரவென்று குறைந்தது. ஐம்பது மீட்டரைத் தாண்டிவிட்டால் அடுத்த கட்டடமும் ஒன்றுதான், அடுத்த ஊரும் ஒன்றுதான். 1993-இல் வந்த இன்னோர் ஆய்வு காப்புரிமை ஆவணங்களை அலசியது. ஒரு புதுக் காப்புரிமை மேற்கோள் காட்டும் பழைய காப்புரிமைகள், எதிர்பார்ப்பதைவிட அதிக அளவில் அதே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. அச்சிட்ட அறிவுக்கும் ஊர்ப்பாசம் உண்டு.

எடிசனிடமிருந்து ஓட்டம்

1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க சினிமா நியூயார்க்கிலும் அதை ஒட்டிய நியூஜெர்சியிலும் இருந்தது. கேமரா, புரொஜெக்டர் காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்த தாமஸ் எடிசன் 1908 டிசம்பரில் மற்ற பெரிய கம்பெனிகளோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார். கட்டணம் கட்டாமல் படமெடுத்தால் வழக்கு பாயும். சிறு தயாரிப்பாளர்கள் மேற்கே நகர்ந்தார்கள். கலிபோர்னியாவில் வருடம் முழுக்க வெயில், மலை, கடல், பாலைவனம், மலிவான நிலம் எல்லாம் இருந்தன. எடிசனின் வக்கீல்கள் வெகுதொலைவில் இருந்தார்கள். ஹாலிவுட்டின் முதல் ஸ்டூடியோவான நெஸ்டர், 1911-இல் சாலையோர மதுக்கடைக் கட்டடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தொடங்கியது. 1915-இல் நீதிமன்றம் எடிசன் கூட்டமைப்பைச் சட்டவிரோதம் என்று தீர்த்தபோது சினிமா அங்கே வேர்விட்டாயிற்று. மலைமேல் இருக்கும் பெரிய எழுத்துகள் 1923-இல் வைத்த வீட்டுமனை விளம்பரம். ‘ஹாலிவுட்லேண்ட்’ என்றிருந்ததில் கடைசிப் பகுதியை 1949-இல் நீக்கினார்கள்.

ஊரைவிட்டுப் போகத் தடை

வெனிஸ் நகரம் தீ விபத்துக்குப் பயந்து 1291-இல் கண்ணாடி உலைகளை மொத்தமாக முரானோ தீவுக்கு அனுப்பியது. தொழில் ரகசியம் வெளியே போகாமல் காப்பதற்கும் தீவு வசதியாக அமைந்தது. கண்ணாடிக் கலைஞர்களுக்கு மரியாதையும் சலுகையும் உண்டு. நாட்டைவிட்டு வெளியேற மட்டும் அனுமதி இல்லை. ஆனால் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் ஆசைகாட்டிச் சிலரைப் பாரிசுக்கு வரவழைத்துவிட்டார். 1665-இல் பிரான்சில் அரசுக் கண்ணாடி ஆலை தொடங்கியது. வெர்சாய் அரண்மனைக் கூடத்தின் 357 நிலைக்கண்ணாடிகள் பிரெஞ்சுத் தயாரிப்பு. அந்த ஆலைதான் இன்றைய செயின்ட் கோபேன் நிறுவனம்.

நகைக்குத் தடை, கடிகாரத்துக்கு வழி

ஜெனிவாவில் 16ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் ஆட்சி ஆடம்பர நகைகளைத் தடுத்தது. பொற்கொல்லர்களின் நுண்ணிய கைவேலைக்கு வேறு பிழைப்பு வேண்டியிருந்தது. பிரான்சில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த புராட்டஸ்டன்ட் அகதிகளோ கடிகாரம் செய்யத் தெரிந்தவர்கள். இருவரும் சேர்ந்தார்கள். 1601-இல் ஜெனிவாவில் கடிகாரத் தொழிலாளர் சங்கம் உருவானது. சுவிஸ் கடிகாரத்தின் பின்னால் ஒரு தடை உத்தரவும் ஓர் அகதிக் கூட்டமும் இருக்கின்றன.

ஒரே ஊர் வயலின்கள்

இத்தாலியின் கிரிமோனாவில் 16ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாதி வயலின் செய்யத் தொடங்கினார். அமாதி, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்று வயலின் உலகின் மூன்று பெரும் பெயர்களும் இந்தச் சிற்றூரைச் சேர்ந்தவை. 1737-இல் ஸ்ட்ராடிவாரி இறந்த பிறகு தொழில் தேய்ந்தது. 1938-இல் வயலின் செய்யக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று திறந்ததும் மறுபடி உயிர்பெற்றது. 2012-இல் அந்தக் கைத்திறன் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது.

அனிமேயின் வம்சாவளி

ஜப்பானின் டோயி அனிமேஷன் 1956-இல் டோக்கியோவின் நெரிமா பகுதியில் அமைந்தது. நாட்டின் முதல் வண்ண முழுநீள அனிமேஷன் படம் 1958-இல் அங்கிருந்து வந்தது. சித்திரக்கதை மேதை ஒசாமு தெசுகா அதே நெரிமாவில் தன் முஷி புரொடக்‌ஷனை நடத்தி 1963-இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தந்தார். முஷி தள்ளாடத் தொடங்கியதும் அங்கிருந்து பிரிந்தவர்கள் 1972-இல் சன்ரைஸ், மேட்ஹவுஸ் என்று தனி ஸ்டூடியோக்களைத் தொடங்கினார்கள். 1985-இல் பிறந்த ஸ்டூடியோ ஜிப்லியின் மியாசாகியும் தகஹாதாவும் டோயியில் தொழில் கற்றவர்கள். கையால் வரைந்த தாள்களை ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய காலத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருப்பதே பிழைப்பு.

ஃபெராரியில் ஒரு கலகம்

இத்தாலியின் மோடெனா வட்டாரத்தில் ஃபெராரி, லம்போர்கினி, மசராட்டி மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1961-இல் என்சோ ஃபெராரியோடு மோதி மூத்த பொறியாளர்கள் ஒரு குழுவாக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் ஜியோட்டோ பிட்சாரினி. டிராக்டர் விற்றுப் பணக்காரரான ஃபெருச்சோ லம்போர்கினி கார் செய்யப் புறப்பட்டபோது, அவருடைய 12 சிலிண்டர் எஞ்சினை வடிவமைத்துத் தந்தவர் அந்தப் பிட்சாரினிதான்.

கேசட் கடையில் பிறந்த சினிமா

நைஜீரியாவின் நாலிவுட்டுக்கு அடிப்படை போட்டது ஸ்டூடியோ இல்லை, சந்தை. மின்னணுப் பொருள் வியாபாரியான கென்னத் நெபுவே 1992-இல் ‘லிவிங் இன் பாண்டேஜ்’ என்ற படத்தை நேராக வீடியோ கேசட்டில் எடுத்து விற்றார். வசூல் கொட்டியது. லாகோசின் இடுமோட்டா, அலாபா சந்தைகளில் கேசட் விற்றவர்களே தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் ஆனார்கள். 2006-இல் மட்டும் 872 படங்கள். எண்ணிக்கையில் இந்தியாவுக்கு அடுத்த இடம் என்று யுனெஸ்கோ கணக்குச் சொன்னது.

சோயா பால் கடையில் ஒரு முடிவு

தைவானின் சின்ச்சு நகரம் முன்பு பலத்த காற்றுக்கும் அந்தக் காற்றில் உலர்த்திய அரிசி நூடுல்ஸுக்கும் பெயர்பெற்றது. 1974 பிப்ரவரியில் தைப்பேயின் ஒரு சோயா பால் கடையில் சில அமைச்சர்களும் அதிகாரிகளும் அமெரிக்க ஆர்சிஏ நிறுவனத்தைச் சேர்ந்த பான் வென்யுவானும் காலைச் சிற்றுண்டிக்குக் கூடினார்கள். சில்லுத் தொழிலில் இறங்குவது என்று பேசி முடித்தார்கள். 1976-இல் ஆர்சிஏவிடம் தொழில்நுட்பம் வாங்க ஒப்பந்தமானது. இளம் பொறியாளர்கள் அமெரிக்கா போய்க் கற்றுவந்தார்கள். 1980-இல் சின்ச்சு அறிவியல் பூங்கா திறந்தது. இரண்டு பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களும் அரசின் ஆய்வு நிறுவனமும் ஏற்கெனவே பக்கத்தில் இருந்தன.

திரும்பி வருபவருக்குப் பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் குடியேறிய தைவான் பொறியாளர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். ஆனால் அவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்துவந்தவர்கள். அதனால் 1983-இல் சின்ச்சு பூங்காவுக்குள்ளேயே இருமொழி வகுப்புகளோடு பள்ளி தொடங்கினார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் 25 ஆண்டுகள் வேலை பார்த்து, தலைமைப் பதவி கைக்கு எட்டாமல் போனதால் வெளியேறிய மோரிஸ் சாங்கை 1985-இல் அரசு அழைத்தது. அப்போது அவருக்கு வயது 54. 1987-இல் அவர் டிஎஸ்எம்சியைத் தொடங்கினார். சொந்தப் பெயரில் சில்லு விற்காமல், பிறர் வடிவமைக்கும் சில்லுகளைச் செய்து தருவது மட்டுமே தொழில் என்றார். ஆலை கட்டப் பணமில்லாத வடிவமைப்பாளர்கள் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்க அது உலகம் முழுக்க வழிதிறந்தது.

மாஸ்கோ அருகே இரண்டு அமெரிக்கர்கள்

மாஸ்கோவை அடுத்த ஜெலனோகிராட் 1958-இல் ஜவுளித் தொழிலுக்காகத் திட்டமிட்ட புறநகர். 1962-இல் அதை நுண்மின்னணு நகரமாக மாற்ற முடிவெடுத்தார் சோவியத் தலைவர் குருசேவ். அவருக்கு யோசனை சொன்ன இரு பொறியாளர்களும் அமெரிக்காவிலிருந்து தப்பி வந்து பெயர் மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர்கள்: ஜோயல் பார், ஆல்ஃபிரட் சாரன்ட். ஆய்வகம், ஆலை, கல்லூரி எல்லாம் ஒரே ஊரில் அமைந்தன. மேலதிகாரி பிடிக்கவில்லை என்றால் வெளியே போய்த் தனிக் கம்பெனி தொடங்கும் வழி மட்டும் அங்கே இல்லை. சோவியத் சில்லுகள் பெரும்பாலும் அமெரிக்கச் சில்லுகளின் நகல்களாகவே நின்றுபோயின.

கண்ணாடி மூளைகளின் இடமாற்றம்

ஜெர்மனியின் யேனா நகரில் ஸைஸ் நிறுவனம் உலகத்தரமான லென்சுகளைச் செய்துவந்தது. 1945-இல் அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போகவிருந்தது. பின்வாங்கிய அமெரிக்கப் படை, நிறுவனத்தின் முக்கிய நிபுணர்களையும் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் மேற்கு ஜெர்மனியில் ஓபர்கோகன் என்ற சிற்றூரில் தொழிலைப் புதிதாகத் தொடங்கினார்கள். இன்று மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அவற்றின் ஒளியியல் பாகங்கள் அதே ஓபர்கோகனிலிருந்து போகின்றன.

கொட்டாரத்தில் ஒரு செயலி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொழிலதிபர் கிளைவ் சின்கிளேரிடம் வேலை பார்த்த கிறிஸ் கரி, 1978-இல் பிரிந்துபோய் ஹெர்மன் ஹவுசரோடு ஏகார்ன் கணினி நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே ஊரில் இரண்டு போட்டியாளர்கள். ஏகார்ன் வடிவமைத்த செயலியை வைத்து 1990-இல் ஏகார்னும் ஆப்பிளும் விஎல்எஸ்ஐ என்ற சில்லு நிறுவனமும் சேர்ந்து தனி நிறுவனம் அமைத்தன. பன்னிரண்டு பொறியாளர்கள், பக்கத்துக் கிராமத்தில் தானியக் கொட்டாரமாக இருந்த ஒரு கட்டடம். அதுதான் ஆர்ம். உங்கள் பையில் இருக்கும் கைப்பேசிக்குள் ஓடுவது பெரும்பாலும் அதன் வடிவமைப்புதான்.

சியாட்டிலுக்குத் திரும்பியவர்கள்

1971-இல் போயிங் ஆட்குறைப்பால் சியாட்டில் நகரம் நொடித்துக்கிடந்தது. ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று சாலையோரத்தில் கேலிப் பலகையே வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் 1975-இல் பிறந்தது நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில். 1979-இல் பில் கேட்சும் பால் ஆலனும் நிறுவனத்தைத் தங்கள் சொந்த ஊரான சியாட்டில் பக்கம் கொண்டுபோனார்கள். 1994-இல் ஜெஃப் பெசோஸ் அமேசானை அங்கே தொடங்கியதற்கு, தேர்ந்த மென்பொருள் ஆட்கள் அங்கே கிடைத்ததும் ஒரு காரணம்.

பெங்களூருக்குப் போன ஏழு பேர்

பெங்களூரு ஒரே இரவில் மென்பொருள் நகரமாகிவிடவில்லை. 1909-இல் இந்திய அறிவியல் கழகம், 1940-இல் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948-இல் ஐடிஐ, 1953-இல் ஹெச்எம்டி, 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக வந்தன. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத் தலைவர் ஆர்.கே.பாலிகா 1970-களின் பிற்பகுதியில் எலக்ட்ரானிக்ஸ் சிட்டிக்கு 332 ஏக்கரில் வித்திட்டார். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செயற்கைக்கோள் இணைப்போடு வந்து இறங்கியது. இன்ஃபோசிஸ் பிறந்தது புணேயில், 1981-இல். பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸில் வேலை பார்த்துப் பிரிந்த ஏழு பேர் அதன் நிறுவனர்கள். வாடிக்கையாளர் ஒருவருக்காக 1983-இல் பெங்களூருக்கு மாறினார்கள்.

கோடம்பாக்கத்துக்கு முன்

தமிழ் சினிமா முதலில் பல ஊர்களில் சிதறியிருந்தது. சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) சேலத்துத் தயாரிப்பு. ஏவி.மெய்யப்பன் ‘நாம் இருவர்’ (1947) படத்தை எடுத்தது காரைக்குடியில். அதன்பிறகே ஸ்டூடியோவைக் கோடம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார். லேப், ஒலிப்பதிவுக்கூடம், மேக்கப்மேன், ஸ்டண்ட் ஆள், துணை நடிகர் எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைத்ததால், தெலுங்கு, மலையாள, கன்னடப் படங்களும் பல்லாண்டுகள் இங்கேயே எடுக்கப்பட்டன. இங்கே தொழில் நடத்திய தெலுங்குக் கலைஞர்கள் ஹைதராபாத் போனபோது அந்தத் திறமையும் கூடவே போனது. நடிகர் நாகேஸ்வர ராவ் 1976-இல் அங்கே கட்டிய அன்னபூர்ணா ஸ்டூடியோ அதற்குச் சாட்சி.

லேபிளில் தொடங்கிய அச்சகம்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று 1923-இல் ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த வறண்ட பூமி தீக்குச்சிக்குத் தோதாக இருந்தது. தீப்பெட்டிக்குப் படம்போட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். பட்டாசு வந்தபோது லேபிளின் தேவை இன்னும் பெருகியது. அந்த அச்சகங்கள்தாம் நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அடித்துத்தர வளர்ந்தன.

டெட்ராய்ட்டின் இரண்டு கதைகள்

1901-இல் டெட்ராய்ட்டில் ரான்சம் ஓல்ட்ஸின் கார் ஆலை தீப்பிடித்தது. உதிரிபாகங்களை வெளியே கொடுத்துச் செய்வது அவருக்கு வழக்கமானது. அப்படி வேலை வாங்கிய டாட்ஜ் சகோதரர்கள் பிறகு ஃபோர்டுக்குச் செய்து கொடுத்தார்கள். 1914-இல் சொந்தமாகவே கார் விட்டார்கள். பட்டறைக்குப் பட்டறை முதலாளிகள் முளைத்த ஊர் அது. நாளடைவில் தொழில் மூன்று ராட்சத நிறுவனங்களுக்குள் சுருங்கியது. புதியவர் நுழைய இடமில்லை. 1950-இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் 2020-இல் 6.4 லட்சம் பேர்தான் இருந்தார்கள். கார் ஆலைத் தொழிலாளியாக இருந்த பெரி கோர்டி, குடும்பத்திடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-இல் அங்கே தொடங்கிய மோடவுன் இசை நிறுவனமும் 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது.

தென்காசிக்கான கேள்வி

ஸோஹோ நிறுவனம் 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பெருநகரத்துக்கு ஆளை வரவழைக்காமல், ஆள் இருக்கும் இடத்துக்கு வேலையைக் கொண்டுபோகும் முயற்சி அது. வேலை வந்துவிட்டது, இனி அது தொழில் நகரமாகுமா? மேலே பார்த்த ஊர்களின் கணக்குப்படி, எத்தனை பேர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று எண்ணினால் விடை கிடைக்காது. அங்கே தொழில் கற்றுக்கொண்ட பத்துப் பேர் ஒருநாள் ராஜினாமா செய்து, சென்னைக்குப் பஸ் ஏறாமல் அடுத்த தெருவில் தங்கள் பெயர்ப் பலகையை மாட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.